பைப் வேர்க்கிறது என்று சொன்னவன்

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்து சேர்ந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறைமேல் எங்கள் முகவரியை அச்சடித்து ஒட்டியிருந்தாய், தூரத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதைப் போல. உள்ளே பெண் வீட்டார் பெயருக்கு எதிரே என் பெயரும் உன் அம்மா பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. உன் அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள். உன்னோடு போனில் பேச அவள் மாடிக்குத்தான் போவாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் இடது காது கம்ப்ரசர் சத்தத்தில் எப்போதோ போய்விட்டது, வாஸ்தவம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒருத்தி படியிறங்கி வருவதைத் தெரிந்துகொள்ளக் காது வேண்டியதில்லை. ஆறு வருஷத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்த முதல் காகிதம் இந்தப் பத்திரிகை.

கல்யாணத்துக்கு வருவேன். புது வேட்டி கட்டிக்கொண்டு, ஐயர் செய்யச் சொல்வதைச் செய்துவிட்டு, உன் மாமனாரிடம் நல்லபடியாகப் பேசிவிட்டுத் திரும்புவேன். அதைப் பற்றி நீ பயப்பட வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் சொல்லித் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். உன்னைப் பற்றி நான் பொய் சொன்னது ஓர் ஊரின் நடுவில், நாற்பது ஐம்பது பேர் முன்னால். அதைத் திருத்துவதை மட்டும் மூடின உறைக்குள் செய்தால் அதுவும் ஒரு பொய்தான். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் போடும்படி கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதல்லவா.

முப்பது வருஷம் ரிக் வண்டி வைத்து போர்வெல் போட்டவன் நான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் கடல் பக்கமாக இருக்கிற ஊர்களில் பாதிக்கு மேல் என் வண்டி நின்றிருக்கிறது. அந்தப் பக்கத்து நிலத்தின் அமைப்பு எளிதானது. மேலே கொஞ்ச ஆழத்துக்கு மணல், அதில் தண்ணீர் உண்டு, ஆனால் உவர்ப்பு. அதன் கீழே கெட்டியான களிமண், அறுபது எழுபது அடி கனத்துக்கு. களிமண்ணைத் தாண்டினால் இன்னொரு மணல்; அதில் இருப்பது நல்ல தண்ணீர். ஒழுங்காக போர் போடுகிறவன் மேல் மணலில் ஓட்டை இல்லாத சாதாப் பைப்பை இறக்குவான், களிமண் மட்டத்தில் பைப்பைச் சுற்றிச் சிமென்ட் விட்டு அடைப்பான், கீழ் மணலில் மட்டும் சல்லடைக் கண் உள்ள பில்டர் பைப்பை வைப்பான். அப்போதுதான் மேல் தண்ணீர் மேலேயும் கீழ் தண்ணீர் கீழேயும் இருக்கும். இது எனக்கு நீ பிறப்பதற்கு முன்பே தெரியும்.

நீ பிளஸ் டூ முடித்தபோது உன்னை இன்ஜினியரிங் சேர்க்க அலைந்தேன். நீ சிதம்பரத்தில் நிலவியல் படிக்கப் போகிறேன் என்றாய். "மண்ணப் பத்திப் படிக்க யூனிவர்சிட்டியா? என் வண்டியில நாலு மாசம் ஏறு, நானே சொல்லித் தரேன்" என்றேன். உன் அம்மா முன்னாலும் பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர் முன்னாலும் அதைச் சொல்லிச் சிரித்தேன். நீ விண்ணப்பத்தை நிரப்பினாய். அப்புறம் எம்.எஸ்சி.யில் படிவுப் பாறைகளையும் நீர்வளத்தையும் எடுத்துப் படித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட உட்காரும்போது, ஆறு கொண்டுவந்த மணல் எப்படி இருக்கும், கடல் அரைத்த மணல் எப்படி இருக்கும், நம் கடலூருக்கு அடியில் இருக்கிற மணல்பாறையை எந்தக் காலத்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டின என்று அம்மாவிடம் சொல்லுவாய். நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவேன். இப்போது ஒன்று சொல்கிறேன். திங்கட்கிழமை வண்டியில் என் ஆட்களிடம் அதையெல்லாம் நானே கண்டுபிடித்ததைப் போலச் சொல்லுவேன். "அண்ணனுக்கு எவ்ளோ விஷயம் தெரியுது" என்பார்கள். உன்னிடம் மட்டும் ஒரு தடவைகூட, நல்லா இருக்குடா, இன்னும் சொல்லு என்று கேட்கவில்லை. பெருமைப்பட்டதைக் காட்டினால் நீ என்னைவிடப் பெரியவனாகிவிடுவாய் என்று பயந்தேன் போலிருக்கிறது. உனக்கும் பிள்ளை பிறக்கும். அது உனக்குத் தெரியாததைச் சொன்னால் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக்கொள். அதற்கு ஒன்றும் ஆகாது.

கடைசி வருஷ ஆய்வுக்கு உன் செல்வி அத்தை ஊரை எடுத்துக்கொண்டாய். புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரில் பதினேழு போர் என் கையால் போட்டவை. முதலாவது என் தங்கச்சி வீட்டு நிலத்தில் போட்டது. நல்ல தண்ணீரை வைத்து அவளும் உன் மாமாவும் மல்லாட்டையும் கத்திரியும் போட்டு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்புறம் தண்ணீர் உப்பாக ஆரம்பித்தது. முதலில் பருப்பு வேகவில்லை என்றார்கள். பிறகு சோப்பு நுரைக்கவில்லை. பிறகு கத்திரிச் செடி இலை நுனியில் தீய்ந்து வந்தது. என்னைக் கேட்டார்கள். "கடல் உள்ள வருதும்மா. இதுக்கு நான் என்ன பண்ண முடியும்" என்றேன். ஊரே அதை ஒப்புக்கொண்டது. கடல்மேல் பழியைப் போட்டால் கடல் வந்து மறுக்கவா போகிறது.

நீ என் நோட்டைக் கேட்டாய். ஒவ்வொரு போரிலும் எத்தனை அடியில் என்ன மண் வந்தது, எத்தனை அடி சாதாப் பைப், எத்தனை அடி பில்டர் பைப் என்று எழுதி வைத்திருந்த நோட்டு. தந்தேன். பெருமையாகவே தந்தேன். உன்னோட ஆய்வப் பாத்துக்கற மேடத்துக்கிட்டயும் காட்டு, படிக்காதவன் எப்படி எழுதி வச்சிருக்கான் பாருன்னு சொல்லு என்றேன். நீ ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு வந்து கேட்டாய்.

"அப்பா, பைப் எல்லாம் இதுல எழுதுன மாதிரிதானே எறக்குனீங்க? மேல் மணல்ல எல்லாம் சாதாப் பைப்புதானே?"

"வேற எப்படி எறக்குவாங்க?" என்றேன்.

எறக்கவில்லை, தம்பி. மேல் மணலிலும் பில்டர் பைப் வைத்தேன். பதினேழில் எத்தனை என்று சரியாக நினைவில்லை. பாதிக்கு மேல் இருக்கும். ஏன் வைத்தேன் என்று நீ கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்கமாட்டேன். போர் முடிகிற அன்றைக்கு ஊர் கூடி நிற்கும். தண்ணீர் எவ்வளவு பருமனாகக் கொட்டுகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டு மணலிலிருந்தும் இழுத்தால் யானை தும்பிக்கை போலக் கொட்டும். கீழ் மணலை மட்டும் நம்பினால் அவ்வளவு கொட்டாது, நிதானமாக வரும். எனக்கு அந்த முதல் நாள் வேண்டியிருந்தது. ஆட்கள் கையைத் தட்டுவதும், பெண்கள் கற்பூரம் காட்டுவதும், பக்கத்து ஊர்க்காரன் அங்கேயே நின்று அடுத்த வாரம் எங்க ஊருக்கு வாங்க என்று சொல்வதும் வேண்டியிருந்தது. நல்ல தண்ணீரோடு கலந்து வந்ததால் உவர்ப்பு அப்போது நாக்கில் தெரியவில்லை. மோட்டார் ஓடாத நேரமெல்லாம் மேல் தண்ணீர் அந்தக் கண் வழியாகக் கீழே இறங்கி நல்ல தண்ணீரில் கலந்துகொண்டேயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அது ஒரு பத்து வருஷம் கழித்து நடக்கிற விஷயம் என்று விட்டேன். நோட்டில் மட்டும் எப்படி இறக்கியிருக்க வேண்டுமோ அப்படி எழுதினேன். யாருக்காகப் பொய் எழுதினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்போது அதைப் படிக்க யாரும் இல்லை. எனக்காகத்தான் எழுதியிருக்கிறேன்.

நீ அதை நம்பி, கடல்தான் உள்ளே வருகிறது என்று உன் ஆய்வில் பாதிக்கு மேல் எழுதிவிட்டாய். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாய். "மீனவர் தெருவுல கவர்மென்ட்டு போட்ட போர் கடலுக்குப் பக்கத்துலேயே இருக்கு. அந்தத் தண்ணி நல்லாருக்குப்பா. அங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள இருக்கிற அத்தை வீட்டுத் தண்ணி உப்பு. கடல் வந்துச்சுன்னா முன்னாடி இருக்கறத வுட்டுட்டு எப்படிப்பா பின்னாடி இருக்கறதுல ஏறும்?"

"கடலுக்கு நீ வழி போட்டுக் குடுப்பியா?" என்று எழுந்து கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். உனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரியும். நீ என்னிடம் அதற்கு மேல் கேட்காததால் உனக்கும் என்மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று தெரியும். அன்று இரண்டு பேரில் யாராவது ஒருத்தன் வாயைத் திறந்திருக்கலாம்.

அடுத்த மாதம் போர்வெல் கேமரா வைத்திருப்பவரைக் கூட்டிக்கொண்டு அத்தை ஊருக்குப் போனாய். யாரோ எனக்குப் போன் செய்தார்கள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது கேமரா உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் இருப்பது டிவியில் தெரிகிறது என்று ஊரே கூடிவிட்டது. உன் மாமா முன்னால் நின்றார். நாற்பது அடியில் பைப்பில் வரிசையாகக் கண்கள் தெரிந்தன. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து கீழே ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் திரையை விட்டு என்னால் பார்வையை எடுக்க முடியவில்லை. சொந்த வயிற்றைத் திறந்து காட்டியதைப் போல இருந்தது.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். சத்தம் போடவில்லை. "அப்பா, இங்க சாதாப் பைப்புன்னுதானே எழுதியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது தண்ணி இல்லடா. வேர்வை" என்றேன். "பைப்பு உள்ள வேர்க்கும். வெளிய சூடு, உள்ள குளிர்ச்சி. அந்தக் கோடெல்லாம் ஜாயின்ட்டு. முப்பது வருஷமா பைப் எறக்குறவன் நான் சொல்றேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இவனுக்கு என்ன தெரியும்? ஏசி ரூமுல உக்காந்து படிச்சுட்டு வந்து அப்பனையே சோதிக்கிறான்" என்றேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. உன் மாமா, "வுடு மாப்ள, படிக்கிற புள்ள, எதையாவது கெளறத்தான் செய்வான். உங்க அப்பாவுக்குத் தெரியாத போரா?" என்று உன் தோளைத் தட்டினார். உன் அத்தைதான் அதைவிட மோசமாகச் சொன்னாள். "பெத்தவர ஊரு நடுவுல நிக்க வெக்கத்தான் இவ்ளோ படிச்சியா?" என்று கேட்டாள். நீ கேமரா ஒயரைச் சுற்றினாய். ஒழுங்காக, சிக்கல் விழாமல் சுற்றினாய். என்னைப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாய். அதற்குப் பிறகு நீ நம் வீட்டில் சாப்பிட உட்காரவில்லை.

என் குற்றத்தைச் சொல்லிவிட்டேன். இப்போது உன்னையும் ஒன்று கேட்கிறேன். கசப்பாகத்தான் இருக்கும், எனக்கும் கேட்கக் கசப்பாகத்தான் இருக்கிறது. உன் பைக்குள் உப்பு அளக்கிற மீட்டர் இருந்தது. பக்கத்தில் கயிறும் பாட்டிலும் இருந்தன. அந்த ஒழுகலில் ஒரு பாட்டில் பிடித்து, வேர்வை இவ்வளவு உப்பாக இருக்குமா பாருங்கள் என்று உன் மாமாவிடம் நீட்டியிருந்தால் நாக்கில் வைத்தே தெரிந்துகொண்டிருப்பார். ஒரு நிமிஷ வேலை. நீ செய்யவில்லை. என்னைக் காப்பாற்றினாயா? அவமானம் தாங்காமல் உன்னைக் காப்பாற்றிக்கொண்டாயா? இரண்டில் எதுவானாலும் அந்தத் தண்ணீரை ஆறு வருஷம் குடித்தது அவர்கள். நீ உண்மையை எழுதினாய், தெரியும். இங்கிலீஷில் எழுதினாய். பைண்டிங் போட்டு சிதம்பரத்து லைப்ரரியில் வைத்தாய். பட்டம் வாங்கினாய், சென்னையில் வேலைக்குப் போனாய். அந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உண்டா? நான் தமிழில் பொய் சொன்னேன், அவர்களுக்குப் புரிந்தது. நீ அவர்களுக்குத் தெரியாத பாஷையில் உண்மையைச் சொன்னாய். என் குற்றமும் உன் குற்றமும் ஒரே அளவு என்று சொல்லவரவில்லை. என்னுடையதுதான் ஜாஸ்தி. ஆனால் உன்னுடையது ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டு மணவறையில் உட்காராதே.

இதையெல்லாம் நானாக உணர்ந்து எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். அவ்வளவு நல்லவன் இல்லை. போன வெயில் காலத்தில் உன் மாமாவும் ஊர்க்காரர்கள் மூன்று பேரும் கடலூர் வீட்டுக்கு வந்தார்கள். நிலத்தில் ஒன்றும் விளைவதில்லை. மாமா இப்போது சவுக்கு டிப்போ ஒன்றில் வாட்ச்மேனாக இருக்கிறார். காக்கிச் சட்டையோடுதான் வந்தார்.

"மச்சான், எல்லாருமா சேந்து இன்னொரு போர் போடலாம்னு இருக்கோம். இன்னும் கீழ, முந்நூறு நானூறு அடிக்குப் போனா நல்ல தண்ணி இருக்குமாமே? வேற ரிக்குக்காரன் வந்து பாத்துட்டுப் போனான். எங்களுக்கு அவன் மேல நம்பிக்கை இல்ல. வண்டிய வித்துட்டாலும் பரவால்ல, நீங்க வந்து பக்கத்துல நின்னீங்கன்னா போதும்."

தம்பி, உன்னை நம்பாமல் என்னை நம்பினவர்கள் இன்னும் என்னை நம்பிக்கொண்டிருந்தார்கள். அதுவரை நான் கெடுத்தது ஒரு மட்டத்துத் தண்ணீரை. அதற்கும் கீழே இருப்பதையும் கெடுக்க என்னையே கூப்பிட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி நல்லா இருந்தாதான் காபி காபியா இருக்கு" என்று உன் அம்மாவிடம் சொன்னார். அவர்கள் போனபின் அவள் கேட்டாள், "போகப் போறீங்களா?" நான் காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினேன். "எம் புள்ளைக்கு அன்னைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். நான் கேக்கலன்னா தெரியாதுன்னு அர்த்தம் இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சிதம்பரம் போய் உன் மேடத்தைப் பார்த்தேன். பெயரைச் சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டார். உன் ஆய்வேட்டைக் காட்டச் சொன்னேன். எடுத்துவந்து புரட்டி, எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். உன் அத்தை வீட்டுக் கிணற்றின் படம் இருந்தது. மணல், களி, மணல் என்று வரைந்து, பைப்பையும் அதன் கண்களையும் போட்டிருந்தாய். நான் மறைத்ததை இவ்வளவு அழகாக யாராலும் வரைய முடியாது. அதன் கீழே ஒரு வரி. 'கிணறு தோண்டிய டிரில்லர் அளித்த தகவல் தவறானது எனக் கேமரா ஆய்வில் தெரியவந்தது.'

டிரில்லர். உன் புத்தகத்தில் எனக்கு அதுதான் பெயர். மேடம் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அவர் முதல்ல 'என் தந்தை'ன்னுதான் எழுதியிருந்தார் சார்" என்றார். "ஆய்வுல அப்படி எழுதக்கூடாது, மாத்துங்கன்னு நான்தான் சொன்னேன். மாத்திக் கொண்டுவர பதினஞ்சு நாள் எடுத்துக்கிட்டார்." அந்தப் பதினைந்து நாள் நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது ஊரெல்லாம் உன்னைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்ன செய்யலாம் என்று மேடத்தைக் கேட்டேன். அந்த போர்களை அடியிலிருந்து களிமண் மட்டம் தாண்டிச் சிமென்ட் கூழ் விட்டு அடைக்க வேண்டும், ஒன்று விடாமல் அடைக்க வேண்டும், இரண்டு விட்டுப்போனாலும் மேல் தண்ணீர் அந்த வழியாக இறங்கும் என்றார். "அடைச்சா தண்ணி நல்லதாயிடுமா?" என்றேன். "ஆகும். நிலத்துக்குள்ள எல்லாம் மெதுவாத்தான் நடக்கும் சார். உங்க காலத்துல பாக்கறது கஷ்டம்." தயங்காமல் சொன்னார். அந்த ஒரு மரியாதையாவது எனக்குத் தந்தார்.

பால் சொசைட்டி வாசலில் ஊரைக் கூட்டச் சொல்லி, நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பில்டர் பைப்பைப் பற்றிச் சொன்னேன். நோட்டைப் பற்றிச் சொன்னேன். கடல் வரவில்லை, நான்தான் வந்தேன் என்று சொன்னேன். அன்றைக்கு டிவியில் பார்த்தது வேர்வை இல்லை என்றேன். அடிக்க வருவார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு பெண் மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், "அப்ப அந்தப் புள்ள சொன்னது நெசமா?" என்று கேட்டாள். "நாம சிரிச்சோமேடி" என்றாள் மற்றவள். உன் மாமா எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி நடந்தார். "மச்சான்" என்று கூப்பிட்டேன். "ரெண்டாவது பொண்ணு கல்யாணத்தப்பவே தண்ணி கெட்டுப்போச்சு. அன்னைக்கே சொல்லியிருந்தா நெலத்த வித்துட்டாவது எங்கயாவது போயிருப்பேன். இப்ப எவன் வாங்குவான்?" என்றார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

அத்தை நிலத்து போரை அடுத்த வாரம் ஆள் வைத்து அடைத்தேன். கீழேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூழ் விட்டு மேலே கொண்டுவர ஒரு பகல் முழுக்க ஆனது. அவள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்கூட எனக்குத் தரவில்லை. தர நல்ல தண்ணீரும் அவளிடம் இல்லை. மற்றதையும் அடைக்கலாம் என்று போனால், எந்த போரில் எத்தனை அடியில் கண் வைத்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை. நோட்டு பொய். நினைவும் அரைகுறை. இரண்டு போர் வீட்டுத் தரைக்கு அடியில் போய்விட்டன, பைப்பின் வாயே தெரியவில்லை. தப்பான இடத்தில் அடைத்தால் இருக்கிற கொஞ்சமும் போகும். கேமரா இறக்க வேண்டும், பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவன் வேண்டும். மேடம் மாணவர்களை அனுப்புவதாகச் சொன்னார். நான் அதை ஊரில் சொன்னபோது உன் அத்தை முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"யாரோ வேணாம். நீயும் வேணாம்ணா" என்றாள். "அவன அனுப்பு."

உனக்குக் கல்யாணத்துக்கு நான் கொடுக்கிற புத்தி அதிகமில்லை. முதல் நாளில் கொட்டுகிற தண்ணீரைக் காட்டி யாரையும் மயக்காதே, உன் பெண்டாட்டியைக்கூட. உனக்கு முடியாததை முடியாது என்று அவளிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடு. நீ வேலை பார்க்கிற இடத்தில் ரிப்போர்ட் எழுதும்போது, அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறவனுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கமாவது எழுது. கோபம் வந்தால் சத்தமாகக் கோபப்படு. நீ சத்தம் போட்டிருந்தால் நான் அன்றைக்கே உடைந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் உன்மேல் பழி போடுகிற பேச்சுதான், தெரிந்தே சொல்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அது உன் விஷயம், அவசரமும் இல்லை.

கல்யாணம் முடிந்து உனக்கு எப்போது தோதுப்படுகிறதோ அப்போது அத்தை ஊருக்குப் போய்விட்டு வா. கேமராவோடு போ. மருமகளையும் அழைத்துப் போ, அத்தை அவளைப் பார்க்க ஆசைப்படுகிறாள். நீ போகிற அன்றைக்கு நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். தேதியை எனக்குச் சொல்ல வேண்டாம், அம்மாவிடம் சொன்னால் போதும். உன் மாமா பேசமாட்டார். ஆனால் ஒயரைப் பிடிக்க வருவார், பார். அவர் பக்கத்தில் நின்றால், திரையில் தெரிவது என்ன என்று அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்.

அவனை அனுப்பு என்று அவள் கேட்டதும், வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்கும் நிலைமையில் நாம் இல்லை. அந்த ஊரில் முப்பது வருஷமாக எவ்வளவோ பேசியிருக்கிறேன். கடைசியாகச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அதையாவது நீ பொய்யாக்காமல் இருக்கலாம். ஆக்கினாலும் கேட்க எனக்கு வாயில்லை.

அப்பா